அக்கா பெயரில் என் சர்க்கரை

என் வயிற்றிலிருந்து பதினொரு கல் எடுத்தார்கள். ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். இரண்டு கல் கொண்டைக்கடலை அளவு, மற்றதெல்லாம் மிளகு அளவு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சங்கரன்கோவில்காரிக்கு நாலே கல். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் புத்தி அப்படி. ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அடுத்தவளுக்கு என்ன கிடைத்தது என்று எட்டிப் பார்க்கும். இந்தப் புத்தியை விட்டுவிட்டு என் வியாதியை மட்டும் சொல்ல முடியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நாற்பது வருஷம் ரீலிங்கில் வேலை பார்த்தவள் நான். பாபினில் வரும் நூலைச் சிட்டம் என்கிற வளையக் கட்டாகச் சுற்றுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் என் பெயர் செல்லத்தாய், மில்லில் பாக்கியம். பாக்கியம் என்பது உண்மையில் என் அக்காவின் பெயர்.

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் மில்லில் இடம் கிடைத்தது. வேலையில் சேர வேண்டிய வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. மில்லுக்குப் போகிற பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்த வேலையை விட எங்கள் அய்யாவுக்கு மனசில்லை. அக்காவின் எட்டாம் வகுப்புச் சான்றிதழை என் கையில் கொடுத்து, "யாரு கேட்டாலும் பேரு பாக்கியம்னு சொல்லு, வயசு பதினெட்டுன்னு சொல்லு" என்றார். எனக்கு அப்போது பதினைந்து. எங்கள் தெருவில் அண்ணன் பெயரில் தம்பியும் அக்கா பெயரில் தங்கையும் மில்லுக்குப் போவது அப்போது சாதாரணம். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். நான் அவள் பெயரோடு மில்லுக்குப் போனேன். அடுத்தது எனக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று இருந்தேன். என் சம்பளத்தில் வீடு ஓடியதால் யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. அவளுக்கு மகன் பிறந்தான், மாடி எழுப்பினார்கள், வீட்டுக்கு டெலிபோன் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் போய்ச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகையில் பஸ்ஸில் வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கும் பின்னால் வந்த கல்லுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லை.

நாற்பத்தைந்து வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஈஎஸ்ஐ தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளி கொஞ்சம் போடுவார், அதற்கு ஈடாக வைத்தியம் இலவசம். கார்டில் பெயர் பாக்கியம். அதனால் சர்க்கரையும் பாக்கியத்துக்குத்தான் வந்ததாக எழுதினார்கள்.

மில் கணக்கில் ஐம்பத்தெட்டு வயதாகி ரிட்டயர் ஆகும்போது யூனியன் ஆபீஸில் ஒரு விஷயம் சொன்னார்கள். வயதாகி ரிட்டயர் ஆகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகையை முன்கூட்டியே கட்டினால் ஈஎஸ்ஐ வைத்தியம் தொடரும். வயதாகும் முன்னாலேயே பணம் வாங்கிக்கொண்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அது கிடையாது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் நான் பூவுக்குச் செலவழிக்கிற காசுகூட வரவில்லை. கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் அக்கா மகன் கணேசன் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாங்கில் வேலை, நல்ல பையன்.

"சித்தி, அம்மாவோட பள்ளிக்கூட சர்டிபிகேட் ஒங்ககிட்டதான் இருக்காம்லா? மெடிக்ளெய்ம் எடுக்கணும். வயசுக்கு ஆதாரம் கேக்காவ."

"அது என்னது மெடிக்ளெய்ம்?"

"இன்சூரன்ஸ் சித்தி. வருசத்துக்கு ஒருக்க பணம் கட்டணும். பொறவு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் படுத்துக்கிடலாம், ஏசி ரூம்ல. பில்லைக் குடுத்தா கம்பெனி பணத்தைக் குடுத்துரும். கவர்மெண்டு கம்பெனிதான், பயமில்ல."

சான்றிதழ் கைக்கெட்டும் தூரத்தில் டிரங்குப் பெட்டியில் மேலேயே இருந்தது. "எங்கயோ வச்சிருக்கேன், தேடணும். ஞாயித்துக்கெழம வா" என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் காலையில் அதே சான்றிதழை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த அதே கவர்மெண்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜென்டிடம் போனேன். அவளுக்கு முந்தி எனக்கு ஏசி ரூம் வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை.

வயதுக்கு ஆதாரம் பாக்கியம் பெயரில் இருந்ததால் அங்கேயும் நான் பாக்கியமாகத்தான் ஆக வேண்டியிருந்தது. ஏஜென்ட் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே வந்து, "ஏதும் வியாதி உண்டாம்மா?" என்றார். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்த பெயரே பொய் என்பது அப்போது தோன்றவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு இதுல குடுக்க மாட்டாவம்மா. இந்த வயசுல புதுசா சேருறதும் கஷ்டம். ஒங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்குல்லா? அதையே விடாமக் கட்டுங்க. அதுல சுகரும் பாப்பாவ, எல்லாம் பாப்பாவ."

"அனுப்பித்தான் பாருங்களேன்."

"ஏசி ரூமுக்கா?"

"ஆமா, ஏசி ரூமுக்குத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே மனுவைச் சான்றிதழ் நகலோடு அனுப்பினார். மூன்று வாரத்தில், பாலிசி தர முடியாது என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கணேசனிடம் சான்றிதழைக் கொடுத்திருந்தேன். அவன் யாரோ சிநேகிதர் மூலமாக அனுப்பினான். அக்காவுக்கு ஒரு நோயும் இல்லை, உடனே பாலிசி வந்துவிட்டது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் ஈஎஸ்ஐக்குப் பணம் கட்டினேன். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருஷம் அக்காவுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வயதான பிறகு உள்ளே பிடிப்பு தளர்ந்து கர்ப்பப்பை கீழே வருகிறதாம். எடுத்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் பார்க்கப் போனபோது அறைக்குள் மார்கழி மாதக் குளிர். ஜன்னலுக்குத் திரை, நர்ஸைக் கூப்பிடத் தலைமாட்டில் ஒரு பட்டன். வந்தவர்கள் கொடுத்த பழம் மேஜை நிறைய இருந்தது, நான் வாங்கிப்போன ஆரஞ்சை வைக்க இடமில்லை, என் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். "பட்டனை அமுக்கிப் பாரேன், ஓடி வருவாவ" என்றாள் அக்கா. நான் அமுக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான், ஆனால் அவளுடைய பட்டனாக அது இருந்தது.

எனக்கு வலி வந்தது அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து. செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணச் சாப்பாடு. இரண்டு வடை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து செத்த நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. முதுகுவரை இழுத்தது, வாந்தி நிற்கவில்லை. வாயு என்று நினைத்து மூன்று நாள் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது.

டிஸ்பென்சரி டாக்டர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். பித்தப்பையில் கல். ஈரலுக்குக் கீழே சின்னப் பை ஒன்று இருக்கிறது, எண்ணெய்ப் பண்டம் செரிப்பதற்கான பித்தநீர் அதில் தங்கும், அது கெட்டிப்பட்டால் கல்லாகும் என்றார். கல் வழியை அடைத்ததால்தான் காமாலை. மதுரை ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் காலை மதுரையில் புறநோயாளி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வயர்கூடையும் பிளாஸ்க்குமாக அக்கா வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒனக்கு நான் செத்தா போயிட்டேன்?"

பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். கணேசன் லீவு போட்டுக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அக்காவுக்கே ஆபரேஷன் ஆன உடம்பு. அன்றிலிருந்து பதினாறு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள்.

முதல் ஒரு வாரம் வெறும் காத்திருப்புதான். சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பார்கள், இல்லையென்றால் புண் ஆறாதாம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ரத்தம் எடுக்க நர்ஸ் வந்து "பாக்கியம்!" என்று கூப்பிடும்போதெல்லாம் கீழே படுத்திருக்கும் அக்கா "என்னம்மா?" என்று எழுந்துவிடுவாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கையையும் நீட்டிவிட்டாள். நர்ஸ் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கார்டில் இருப்பது நான் இல்லை என்று யாராவது கண்டுபிடித்தால் வயிற்றில் கல்லோடு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

அக்கா சாப்பாட்டிலும் ஏதோ மாற்றம். கான்டீனில் டீ வாங்கினால் "சீனி இல்லாம" என்று சொல்லி வாங்குவாள். ஐந்து கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறவள். எனக்கு இல்லாததைத் தானும் விட்டுவிட்டதாகக் காட்டிக்கொள்கிறாள் என்று எரிச்சல்பட்டேன்.

"நீ எதுக்குச் சீனியில்லாமக் குடிக்க? ஒனக்கென்ன கேடு?"

"பழகிக்கிட்டேன்" என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் மதியம் அவள் துணி அலசப் போயிருந்தாள். தலை சீவலாம் என்று சீப்புக்காக அவள் வயர்கூடையைத் துழாவினேன். ஒரு நீளக் கவர் கையில் வந்தது, இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம். இங்கிலீஷில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பாதி புரிந்தது. மீதியை ஓரத்தில் கணேசன் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தான், அம்மாவுக்குப் புரியட்டும் என்று.

இதே பாக்கியம், இதே பள்ளிச் சான்றிதழை வைத்து, ராஜபாளையம் முகவரியிலிருந்து முன்பே ஒருமுறை மனுப் போட்டிருக்கிறார். அதில் சர்க்கரை வியாதி உண்டு என்று எழுதியிருக்கிறார். நிராகரித்தோம். அடுத்த மாதமே அதை மறைத்து மறுபடி மனுப் போட்டிருக்கிறார். ஆகவே ஆபரேஷன் பணம் தர முடியாது, பாலிசியும் ரத்து.

முகவரி என்னுடைய வீடு. நான் முந்திக்கொண்டு போட்ட மனு அக்காவின் காலை வாரிவிட்டிருந்தது. அவளிடம் இனி ஏசி ரூம் இல்லை, பட்டன் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஒரு குளிர்ச்சிதான் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அந்த பாக்கியம் நான் இல்ல, என் தங்கச்சி" என்று எழுதிக் கொடுத்தால் அவளுக்குப் பாலிசி திரும்பக் கிடைக்கும். ஆனால் என் கார்டு பொய் என்று வெளியே வந்துவிடும். நாளைக்கு எனக்கு ஆபரேஷன்.

கடிதத்தை மடித்து உள்ளே வைத்தேன். அவள் ஈரக்கையோடு வந்து என் தலையைச் சீவிவிட்டாள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் ஓரத்தில் ஒரு குழாய். மூக்குக் குழாய் வயிற்றைக் காலியாக வைக்க, மற்றது கெட்ட நீர் வெளியேற. இருமினால் தையல் பிய்ந்துவிடும் போல் வலி. இரும வந்தால் அக்கா ஒரு தலையணையை என் வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிப்பாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. பக்கத்துக் கட்டில்காரி, "இப்படி ஒரு அக்கா எனக்கில்லையே" என்றாள். அவளுக்கு என் மேல் பொறாமை. அந்த ருசியைக்கூட என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை, வயர்கூடை கண்ணெதிரே இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆனதும் அக்கா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். மறுநாள் காலை மருமகள் காப்பி கொண்டுவந்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் சீனி இல்லாமல். "ரெண்டு பேருக்கும் சுகர், ஒரே டிகாக்‌ஷன்ல முடிஞ்சிருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏட்டி, ஒனக்கு எப்ப சுகர் வந்துச்சு?" என்றேன். அவள் மூத்தவள் என்பதும் மறந்துவிட்டது.

"மெதுவாப் பேசு. கணேசன் அந்தக் கடுதாசியைத் தூக்கிக்கிட்டு சண்டை போடப் போறேன்னு நின்னான். நாந்தான் சொன்னேன், எனக்கு சுகர் இருக்கு, சித்தி வீட்டுல இருந்தப்ப நாந்தான் எழுதிப் போட்டேன், ஒங்கிட்ட மறைச்சிட்டேன்னு. நாட்டு மருந்து சாப்பிடுதேன்னு சொல்லி வச்சிருக்கேன். விட்டுட்டான்."

"நான் போட்டதுன்னு எப்பத் தெரியும்?"

"கடுதாசி வந்த அன்னைக்கே. வேற யாரு கையில இருந்துச்சு அந்த சர்டிபிகேட்டு?"

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டு? ஒனக்கு அந்தக் கார்டு மட்டுந்தான இருக்கு. எனக்கு மகன் இருக்கான்." வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அந்தக் கசப்புக் காப்பியைக் குடித்தாள்.

நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். புருஷன், மகன், மாடி எல்லாம் அவளுக்கு. கடைசியில் விட்டுக்கொடுத்தவள் என்ற பெயரும் அவளுக்குத்தானா? நான் சாகும்வரை அவள் முன்னால் குனிந்து நடக்க வேண்டுமா? தையல் பிரித்த வாரமே, யாரிடமும் சொல்லாமல், ஒரு வக்கீலைப் பிடித்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். முதல் மனுவைப் போட்டது நான், சர்க்கரை எனக்கு, அக்காவுக்கு இல்லை, சான்றிதழ் மட்டும் அவளுடையது, அதை வைத்துத்தான் மில்லிலும் அந்தப் பெயரில் வேலை பார்த்தேன். இதுதான் வாசகம்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "அவங்க ஆபரேஷன் ரிப்போர்ட்ல சர்க்கரை சரியாத்தான் இருந்துச்சு. எங்களுக்கும் குழப்பம்தான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நாங்களாப் போய் ஈஎஸ்ஐக்கு எழுத மாட்டோம்மா. ஆனா இந்தத் தாள் ஃபைல்ல இருக்கும். கேட்டா குடுத்துத்தான் ஆகணும். யோசிச்சு கையெழுத்துப் போடுங்க."

செல்லத்தாய் என்று போட்டேன். நாற்பது வருஷமாக அந்தப் பெயரை எழுதிப் பழக்கமில்லை, கடைசி எழுத்து கோணிக்கொண்டது. அந்த வருஷத்துப் பணத்தை ஈஎஸ்ஐக்குக் கட்டப் போகவில்லை, தைரியமில்லை. இப்போது ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது மாற்றுப் பெயரில் வேலை பார்த்தால், ரிட்டயர் ஆகிற வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே சரிசெய்யப் பாருங்கள். இலவச வைத்தியத்தின் அருமை வரிசையில் நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது.

ஆபீஸிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எழுதிக் கொடுத்த தாளின் நகலை நீட்டினேன்.

படித்து முடித்ததும், "ஏட்டி கூறுகெட்டவளே! இனி ஒனக்கு ஒண்ணுன்னா எங்க போவ?" என்று கத்தினாள்.

"எங்கயும் போவேன். ஒன் பாலிசி திரும்ப வந்துரும். இன்னையிலேருந்து சீனி போட்டுக் குடி."

அவள் தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அவளுக்குக் குரல் இறங்கிப்போயிற்று.

"எம்பேருல நீ நாப்பது வருசம் ஒழைச்ச. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்துட்டேன். ஒனக்குன்னு ஒண்ணும் செய்யல. இந்த ஒண்ணையாவது செஞ்சிட்டோம்னு இம்புட்டு நாளா நிம்மதியா இருந்தேன். அதையும் வந்து பிடுங்கிட்டியே."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மாடியை, டெலிபோனை, பட்டனை நான் பார்த்த பார்வை அது. என்னிடம் இருக்கிற ஒன்று தன்னிடம் இல்லையே என்று அக்கா பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அப்படிப் பார்க்கிறவளுக்கு நெஞ்சு எப்படி எரியும் என்று அந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்? கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு, "வந்து பக்கத்துல உக்காருக்கா" என்றேன்.